துப்பறியும் நாயும் பூனையும் லண்டன் போக வேண்டும்: விமான நிலையத்தைத் தாண்ட முடியவில்லை

வேப்பம்பூ | சனி, இரவு 9.40

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். ஏழு முதல் பத்து வயது வரை இருபது பேர் வருவார்கள். இந்த மாதம் நானே எழுதிய துப்பறியும் கதை. துரை என்று ஒரு லாப்ரடார் நாய், மிளகு என்று ஒரு கறுப்புப் பூனை, கண்ணாயிரம் என்று ஒரு காக்கை. காணாமல்போன சைக்கிள் மணி, பால்காரரின் அளவுக் குவளை என்று தெருவுக்குள் நடக்கும் சின்ன வழக்குகள். ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் சர்க்கரை போடாமல் ஏமாற்றியது யார் என்பதை மிளகு நக்கிப் பார்த்தே கண்டுபிடித்தது. மூன்று வாரம் அமர்க்களமாகப் போயிற்று.

நான்காவது வாரம் எனக்குப் பேராசை வந்துவிட்டது. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் மரகதம் திருட்டுப்போகிறது, நம் மூவருக்கும் அழைப்பு வருகிறது. "விமானத்தில் ஏறினார்கள், லண்டனில் இறங்கினார்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "துரைக்கு பாஸ்போர்ட் இருக்கிறதா அக்கா?" இருக்கிறது என்றேன். "அதில் கைநாட்டு எப்படி வைத்தது?" என்றான் பக்கத்தில் இருந்தவன். மிளகுக்கு ஜன்னலோர இருக்கையா, பறக்கத் தெரிந்த காக்கைக்கு எதற்கு டிக்கெட் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மீதி அரை மணி நேரம் விமான நிலையத்திலேயே கழிந்தது.

நாய் பேசுவதையும் பூனை குறிப்பேடு வைத்திருப்பதையும் முணுமுணுக்காமல் நம்பிய பிள்ளைகள், பாஸ்போர்ட்டை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் மூவரையும் கடல் தாண்ட வைக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எதிர்க்காற்று | சனி, இரவு 10.15

எதற்கு லண்டன்? சைக்கிள் மணி வழக்கு உங்கள் தெருவில் நடந்ததால்தான் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வெளிநாடு என்றால் உடனே லண்டன், திருட்டு என்றால் உடனே ரத்தினக்கல். இது உங்கள் கற்பனையா, எங்கோ பார்த்த கார்ட்டூனா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கூண்டுவண்டி | ஞாயிறு, காலை 7.05

வேப்பம்பூ அவர்களே, நாய் பூனைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைப்பதுதான் இருபது வருடமாக என் தொழில். உங்கள் துரையையும் மிளகையும் என்னிடம் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். அரிசியைவிடச் சற்றுப் பெரியது, அதில் 15 இலக்க எண் இருக்கும். துரையின் பாஸ்போர்ட் எண் என்று அதையே சொல்லலாம். அடுத்து வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத நாடுகள் என்று பிரிட்டன் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை, ஆகவே ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். துரைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: லண்டனில் இறங்குவதற்கு ஐந்து நாளுக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்னதாக, நாடாப்புழு மாத்திரை கொடுத்து மருத்துவர் முத்திரை வைக்க வேண்டும். பூனைக்கு அது வேண்டாம். மிளகு இதைச் சொல்லிக் காட்டித் துரையை வெறுப்பேற்றலாம்.

கூட்டிக் கழித்தால் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் திருடன் மரகதத்தை விற்று, வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்திருப்பான்.

ஜன்னலோர இருக்கையும் கிடையாது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்றவற்றைத் தவிர மற்ற செல்லப்பிராணிகள் பிரிட்டனுக்குள் விமானத்தில் சரக்காகத்தான் நுழைய முடியும். கூண்டுக்குள் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் இருக்க வேண்டும் என்பது விதி. ஹீத்ரோ விமான நிலையத்தில் விலங்குகளுக்கென்றே ஒரு வரவேற்பு நிலையம் இருக்கிறது, முதல் காட்சியை அங்கே வையுங்கள். இதையெல்லாம் கெடுபிடி என்று நினைத்தால், 2000ஆம் ஆண்டுக்கு முன்பு அங்கே போன நாய்கள் ஆறு மாதம் தனிமைக்கூடத்தில் கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

காக்கையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

வேப்பம்பூ | ஞாயிறு, காலை 8.30

நான்கு மாதமா! கூண்டுக்குள் போக மாட்டேன் என்று மிளகு நான்கு காலையும் விரித்துக்கொண்டு நிற்பது இப்போதே கண்ணில் தெரிகிறது. திருடனை என்ன செய்வது?

மாட்டு டாக்டர் | ஞாயிறு, காலை 11.20

திருடன் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது.

நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய அதனால் முடியாது. மரகதமும் மாணிக்கமும் துரைக்கு ஒரே மாதிரியான மங்கல் கல். போலீஸ்காரர் கதையில் சாட்சியே "சிவப்புக் காரில் போனான்" என்று சொல்வார் அல்லவா? நாய் சொல்லும் கதையில் அந்த வாக்கியம் வரவே கூடாது. மூக்கு வேறு கதை. மனிதனுக்கு வாசனை உணரும் ஏற்பிகள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு முப்பது கோடி வரை சொல்கிறார்கள். துரை மோப்பம் பிடிக்க வேண்டியது கல்லை எடுத்த கையை. மரகதத்தில் என்ன வாசனை இருக்கப்போகிறது?

பூனைக்கு இனிப்பு தெரியாது. அந்தச் சுவையை உணரும் ஏற்பியே அதன் நாக்கில் வேலை செய்வதில்லை. எனவே உங்கள் பாயச வழக்கில் மிளகு சொன்ன சாட்சி செல்லாது. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யுங்கள்.

கைநாட்டுக் கேள்வி கேட்ட பையனிடம் சொல்லுங்கள், நாய்க்கு மூக்கின் நுனியில் இருக்கும் வரிகள் நம் விரல்ரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. துரை வைத்தது மூக்குநாட்டு.

வேப்பம்பூ | ஞாயிறு, மதியம் 12.10

பாயச வழக்கில் தண்டனை அனுபவித்த சமையல்காரரிடம் மிளகு மன்னிப்புக் கேட்கும் காட்சியை இன்றே எழுதிவிடுகிறேன்.

கறிவேப்பிலை | ஞாயிறு, இரவு 8.45

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். விமான நிலையத்தைத் தாண்ட வேண்டும் என்று ஏன் அவசரப்படுகிறீர்கள்? கதையே அங்கே இருக்கிறது.

என் அம்மா முதல்முறை வந்தபோது புடவை மடிப்புகளுக்கு நடுவே ஒரு கட்டு கறிவேப்பிலையை வைத்திருந்தார். பெட்டி எடுக்கும் இடத்தில் பச்சை அங்கி போட்ட ஒரு பீகிள் நாய், கூட்டத்தில் புகுந்து புகுந்து வந்து அம்மாவின் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, பெட்டியைப் பிறாண்டவும் இல்லை, வெறுமனே உட்கார்ந்தது. "பார்த்தாயா, நம்மைக் கண்டதும் எவ்வளவு பிரியம்" என்று அம்மா அதன் தலையைத் தடவக் கை நீட்டினார். நாயைப் பிடித்திருந்த பெண் அதிகாரி சிரித்துக்கொண்டே "பெட்டியைத் திறக்க முடியுமா?" என்றார்.

உட்காருவதுதான் அந்த நாய் காட்டும் அடையாளம். பயணிகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறிய உருவமும் சாதுவான முகமும் உள்ள பீகிள் இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தீனிக்காக எதையும் செய்யும் இனம் என்பதும் வசதி. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் தொடங்கினார்கள். கறிவேப்பிலை மேல் என்ன கோபம் என்றால், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஊறுகாய் பாட்டிலை விட்டுவிட்டார்கள். அம்மாவின் வருத்தம் கறிவேப்பிலை போனதில் இல்லை, நாய் தன்னைக் காட்டிக்கொடுத்ததில்தான்.

எதிர்க்காற்று | ஞாயிறு, இரவு 9.30

கறிவேப்பிலைக் கதை பிடித்திருக்கிறது. வழக்கு சின்னது, ஆனால் நமக்குத் தெரிந்த பொருள். மரகதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடிக் கல்லாகிவிடுகிறது.

நம் நாய்களும் வெளிநாடு போய்த்தான் இருக்கின்றன. 2023 பிப்ரவரி துருக்கி நிலநடுக்கத்துக்கு தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு ஜூலி, ரோமியோ, ஹனி, ராம்போ என்று நான்கு நாய்கள் விமானப் படை விமானத்தில் போயின. இடிபாட்டுக்குள் உயிரோடு ஒரு சிறுமி இருப்பதை முதலில் காட்டியது ஜூலி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பாதுகாப்புக்கும் பத்து நாய்கள் இங்கிருந்து போயின. கூண்டுவண்டி சொன்ன மூன்று மாதக் கணக்கு அரசாங்க வேலைக்கு இல்லை போலிருக்கிறது.

கூண்டுவண்டி | ஞாயிறு, இரவு 9.50

அரசாங்கம் அனுப்பினால் பேச்சே வேறு. என்னிடம் வருபவர்கள் மருமகள் வீட்டுக்குப் பூனையை அனுப்புகிறவர்கள்.

ஓலைச்சுவடி | திங்கள், காலை 6.15

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். விலங்குகள் வெளிநாடு போய்த் துப்பறிந்த பழைய வழக்கு ஒன்று உண்டு.

பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். தமனகன் என்ற நரி கோள் மூட்டி, பிங்கலன் என்ற சிங்கத்தின் கையால் சஞ்சீவகன் என்ற எருதைக் கொல்ல வைக்கிறது. பிறகு? பிறகு ஒன்றுமில்லை. தமனகன் மந்திரியாகச் சுகமாக இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து "அதை யாரும் பிடிக்கவில்லையா சார்?" என்று ஒரு குரல் வரும். முப்பத்திரண்டு வருடம் அந்தக் குரல் வராத வகுப்பே இல்லை.

6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வானின் மருத்துவர் புர்சோய் அந்தக் கதைகளைத் தம் மொழிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதை அரபியில் எழுதினார். தோழன் நரியான கரடகனும் தமனகனும் அங்கே கலீலாவும் திம்னாவும் ஆனார்கள். அரபு நூலில் மூலத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. பெயரே "திம்னாவைப் பற்றிய விசாரணை". சிங்கத்தின் தாய் சந்தேகப்படுகிறாள். நரியைச் சிறையில் அடைத்து விசாரிக்கிறார்கள். வாய்ச்சாலக்கார நரி எல்லாக் கேள்வியையும் மடக்கிவிடுகிறது. இரண்டு நரிகளும் இரவில் பேசியதை வெளியே நின்று கேட்ட சிறுத்தை கடைசியில் சாட்சி சொல்கிறது. சிறைக்குள் இருந்த இன்னொரு மிருகமும் அங்கே தான் கேட்டதைச் சொல்கிறது. ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டால், ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியாதே, அதனால்தான் என்று பதில். இரண்டு சாட்சி சேர்ந்ததும் திம்னாவின் கதை முடிகிறது.

கடைசி பெஞ்சு கேட்ட கேள்விக்குப் பதில் ஈராக் பக்கம் கிடைத்தது. நம் கதை, விசாரணைக்காகவே கடல் தாண்டிப் போனதாக நான் சொல்லிக்கொள்வது வழக்கம்.

வேப்பம்பூ | திங்கள், காலை 9.00

ஐயா, இரண்டு சாட்சி என்பதை எடுத்துக்கொள்கிறேன். துரை முகர்ந்தது ஒன்று, கண்ணாயிரம் பார்த்தது ஒன்று. மரகதத்தை விட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது. ஆனால் எங்கே போவது, எதைத் தேடுவது?

மாட்டு டாக்டர் | திங்கள், இரவு 10.05

நாயை விடுங்கள். எலியை எடுத்துக்கொள்ளுங்கள்.

2013இல் தான்சானியாவில் பிறந்த மகாவா என்ற எலி 2016இல் கம்போடியாவுக்கு வேலைக்குப் போயிற்று. ஐந்து வருடத்தில் 71 கண்ணிவெடிகளையும் வெடிக்காமல் கிடந்த 38 குண்டுகளையும் கண்டுபிடித்தது. 2020இல் பிரிட்டிஷ் விலங்கு நலச் சங்கம் ஒன்று அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதுவரை அதை எந்த எலியும் வாங்கியதில்லை. 2022 ஜனவரியில் வயதாகி இறந்தது. இப்போது ரோனின் என்ற எலி 109 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

நம் வீட்டு எலி என்று நினைக்காதீர்கள். மூக்கிலிருந்து வால் நுனி வரை 70 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு கன்னத்திலும் பை இருக்கும், கிடைத்த கடலையை எல்லாம் அதில் அடைத்துக்கொள்ளும். வெடி மேல் ஓடினாலும் வெடிக்காது, அவ்வளவு இலேசு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் கோத்த பட்டையோடு எலி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரும். வெடிமருந்து வாசனை வந்த இடத்தில் மண்ணைப் பிறாண்டும், வாழைப்பழத் துண்டு வாங்கிக்கொள்ளும். உலோகங்காட்டும் கருவி ஒவ்வொரு துருப்பிடித்த ஆணிக்கும் கத்தும். எலி ஆணியைச் சட்டை செய்வதில்லை. டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணியில் முடித்துவிடும், கருவியோடு போகும் மனிதருக்கு நான்கு நாள் வரை ஆகலாம். வெயில் சுடாமல் இருக்கக் காதிலும் வாலிலும் களிம்பு பூசி அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு இது போதாதா?

எதிர்க்காற்று | திங்கள், இரவு 10.40

எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணிவெடிக் கதையா?

பனங்குருத்து | செவ்வாய், காலை 5.50

அண்ணா, நான் கிளிநொச்சி. எங்களுக்கு அது எட்டு வயதில்தான் சொல்லித்தரப்பட்டது. நாங்கள் மிதிவெடி என்றுதான் சொல்வோம். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கக் கூடாது, பளபளப்பாக எது கிடந்தாலும் தொடக் கூடாது, வந்த வழியே திரும்ப வேண்டும். பாட்டைப் போல ஒப்புவிப்போம். முகமாலைப் பக்கம் பெண்கள் வரிசையாக முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டி எடுப்பதைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு எலி கடலை தின்றுகொண்டு ஓடுகிறது என்று எங்களுக்கு யாராவது கதை சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

எதிர்க்காற்று | செவ்வாய், காலை 7.10

தம்பி, நான் கேட்டது தவறு.

வேப்பம்பூ | செவ்வாய், காலை 9.25

பனங்குருத்து, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும், அவசரமாக எழுதக் கூடாது. இந்தத் தொடருக்குள் வைக்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணம்: வெடி இருக்கும் இடத்தை எலி சொல்லும், யார் புதைத்தது என்று சொல்லாது. என் பிள்ளைகள் விடாமல் கேட்பது "யார்" என்பதைத்தான்.

மாட்டு டாக்டர் | செவ்வாய், இரவு 9.15

சரியாகப் பிடித்தீர்கள். மூக்கு "இருக்கிறது" என்று சொல்வதோடு நின்றுவிடும்.

அதே தான்சானியாவில், மொரோகோரோ ஊரில், அந்த எலிகளுக்கு இன்னொரு வேலையும் பழக்குகிறார்கள். எறும்புத்தின்னிச் செதில், யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, கருமரம் ஆகியவற்றை மோப்பம் பிடிப்பது. காப்பிக்கொட்டை, சலவைத்தூள் எல்லாவற்றுக்கும் நடுவே ஒளித்துவைத்தாலும் கண்டுபிடிக்கின்றன. 2024இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. பல மாதம் முகராமல் இருந்த வாசனையைக்கூட அவை மறக்கவில்லை. குட்டிச் சிவப்பு அங்கி தைத்துப் போட்டு, மார்பில் ஒரு சிறு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடத்தல் பொருள் வாசனை வந்தால் எலி தன் கையால் உருண்டையை இழுக்கும், "பீப்" என்று சத்தம் வரும். தார் எஸ் சலாம் துறைமுகத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீருடை, அழைப்பு மணி, துறைமுகம், கள்ளக்கடத்தல். நீங்கள் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

அந்த ஊரில் யாராவது "யார்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. காக்கை மனித முகத்தை மறக்காது. அமெரிக்காவில் சியாட்டிலில் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்தார்கள். வருடக் கணக்கில் அந்த முகமூடியைக் கண்டாலே காக்கைகள் கூடிக் கரைந்தன.

எதிர்க்காற்று | செவ்வாய், இரவு 11.30

காக்கைக்கு நான் பொறுப்பு.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். முதல்முறை கென்யாவின் மொம்பாசாவில் கரை இறங்கியபோது கிரேன் மேல் காக்கை கரைந்தது. கழுத்துச் சாம்பல் நிறம், அதே குரல், அச்சு அசல் நம் ஊர்க் காக்கை. ஒரு நிமிடம் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறோம் என்று புரியவில்லை. பிறகு விசாரித்தேன். 1890களில் குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யட்டும் என்று சான்சிபார் தீவுக்கு வரவழைத்தார்களாம். அங்கிருந்து கரை தாண்டி மொம்பாசா, தார் எஸ் சலாம் எங்கும் பெருகிவிட்டன. பலது கப்பலிலேயே தொற்றிக்கொண்டு போகும். 1994இல் ஹாலந்து துறைமுகம் வரை போய்விட்டது. டிக்கெட், ஊசி, ரத்தப் பரிசோதனை ஒன்றும் கிடையாது.

ஆனால் அங்கே அதற்கு நல்ல பெயர் இல்லை. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது. பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக கென்யா 2024இல் அறிவித்தது. அமாவாசைக்கு நாம் கூப்பிட்டுச் சோறு வைக்கும் பறவை, அங்கே விஷம் வைத்துக் கொல்லப்படும் பறவை. உங்கள் கண்ணாயிரம் சாட்சி சொல்ல வந்தால் முதலில் அதை யார் நம்புவார்கள்?

லண்டன் வேண்டாம் என்று சொன்னவன் நான். தார் எஸ் சலாமுக்குத் தாராளமாகப் போகட்டும்.

கூண்டுவண்டி | புதன், காலை 6.40

கப்பலில் தொற்றிக்கொண்டு போவது சட்டவிரோதம் என்று தொழில் முறையில் சொல்லிவைக்கிறேன். மற்றபடி அருமை.

வேப்பம்பூ | சனி, இரவு 8.55

சொல்லி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். தொண்டை கட்டிவிட்டது.

துரையும் மிளகும் போகவில்லை. துரை ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் எண்ணிக்கொண்டு திண்ணையில் படுத்திருக்கிறது. மிளகு கூண்டுக்குள் நுழையவில்லை, சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டது. தூத்துக்குடியில் கண்ணாயிரம் மட்டும் ஒரு கப்பலின் பாயில்லாத கம்பத்தில் உட்கார்ந்தது, தூங்கிப்போனது, விழித்தபோது கரை இல்லை.

தார் எஸ் சலாமில் சிவப்பு அங்கி எலியைச் சந்திக்கிறது. அதற்கு ஷுஜா என்று பெயர் வைத்தேன், சுவாஹிலியில் வீரர் என்று பொருள். பிள்ளைகள் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. கன்னத்தில் பை இருக்கிறதல்லவா, கன்னம்மா என்று மாற்றிவிட்டார்கள். ஒரு இடத்தை மட்டும் இங்கே போடுகிறேன்:

"காப்பி மூட்டைகளின் மேல் கன்னம்மா ஓடியது. ஏழாவது மூட்டையில் நின்றது. மூக்கை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் அசையவில்லை. மார்பில் தொங்கிய உருண்டையை இழுத்தது. பீப். 'இதில் காப்பி மட்டும் இல்லை' என்றது. 'யார் வைத்தது?' என்றது கண்ணாயிரம். 'அது எனக்குத் தெரியாது. நான் வாசனைக்காரி.' கண்ணாயிரம் கிரேனிலிருந்து கீழே பார்த்தது. நேற்று இரவு இந்த மூட்டையைத் தைத்த முகம், இப்போது தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கண்ணாயிரம் கரைந்தது. துறைமுகத்து ஆட்கள் கல்லை எடுத்து அதன் மேலேயே வீசினார்கள்."

அந்த இடத்தில் அறையே எழுந்து நின்றுவிட்டது. கைநாட்டுப் பையன் "அவனைப் பிடியுங்கள், காக்கையை விடுங்கள்!" என்று கத்தினான். அடுத்த வாரம் என்று நிறுத்திவிட்டேன்.

பாஸ்போர்ட் சிறுமி மட்டும் போகாமல் நின்றாள். "அக்கா, கண்ணாயிரம் தமிழ்க் காக்கை. கன்னம்மா அந்த ஊர் எலி. இரண்டும் எந்த மொழியில் பேசின?"

இங்கே சுவாஹிலி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எதிர்க்காற்று | சனி, இரவு 9.20

சரக்கு இறக்கும்போது தேவைப்படும் அளவுக்குத் தெரியும். "போலே போலே" என்றால் மெல்ல, மெல்ல. "பன்யா" என்றால் எலி. வசவு சிலதும் தெரியும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. காக்கைக்கு இவ்வளவு போதுமா?